கலிஃபோர்னியா லெமன் லா (பலமுறை முயன்றும் சரியாகாத காரைத் தயாரிப்பாளர் மாற்றித்தர அல்லது பணத்தைத் திருப்பித்தர வேண்டும் என்ற சட்டம்): "கோளாறு தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்தால் கணக்கில் சேருமா?

கேள்வி:
புதுக் கார், வாங்கி 7 மாதம், 9,400 மைல். விலை 42,000 டாலர். எஞ்சின் சூடேறியபின் 2லிருந்து 3வது கியருக்கு மாறும்போது உதறுகிறது. முதல்முறை டீலரிடம் விட்டது 3,000 மைலில். இதுவரை மூன்று முறை. அதில் இரண்டு முறை "கோளாறு தெரியவில்லை" என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். அவை கணக்கில் வருமா? முழுப் பணமும் கிடைக்குமா?

பதில் 1:
வரும். சரிசெய்ய வாய்ப்புக் கொடுத்தீர்களா என்பதுதான் சட்டத்தின் கேள்வி. அவர்கள் கண்டுபிடிக்காதது உங்கள் குற்றமல்ல.

ஆனால் ரிப்பேர் ஆர்டரில் (டீலர் ஒவ்வொரு முறையும் எழுதித் தரும் வேலைச் சீட்டு) உங்கள் புகார் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று இன்றே பாருங்கள். "சத்தம், பரிசோதிக்கவும்" என்று ஒருமுறை, "கியர் கடினம்" என்று இன்னொருமுறை இருந்தால், வெவ்வேறு கோளாறு என்று கம்பெனி வாதாடும். ஒவ்வொரு முறையும் அதே வாசகம் வேண்டும்: "40 நிமிடம் ஓடியபின், 2லிருந்து 3க்கு மாறும்போது உதறல்." மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். விட்ட தேதி, எடுத்த தேதி, மைல் மூன்றும் பதிவாகாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

18 மாதம் அல்லது 18,000 மைல், எது முதலில் வருகிறதோ அதற்குள், ஒரே கோளாறுக்கு 4 முறை, உயிருக்கு ஆபத்தான கோளாறென்றால் 2 முறை, அல்லது மொத்தம் 30 நாளுக்கு மேல் பட்டறையில் கிடந்திருந்தால் சரிசெய்யப் போதிய வாய்ப்புக் கொடுத்துவிட்டீர்கள் என்று சட்டமே உங்கள் பக்கம் அனுமானிக்கும். அதை எட்டாவிட்டாலும் வழக்கு செத்துவிடாது. நிரூபிக்கும் சுமை கூடும், அவ்வளவுதான். டீலரிடம் சொன்னது போதாது, தயாரிப்பாளருக்கும் நேரடியாகக் கடிதம் போடுங்கள்.

பதில் 2:
முழுப் பணமும் வராது, பயன்பாட்டுக் கழிவு (முதல்முறை டீலரிடம் விடும்வரை ஓட்டியதற்கான பிடித்தம்) உண்டு. விலை × முதல்முறை விட்டபோதிருந்த மைல் ÷ 1,20,000. உங்களுக்கு 42,000 × 3,000 ÷ 1,20,000 = 1,050 டாலர். இன்றைய 9,400 மைலை வைத்து 3,290 என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த முதல் ரிப்பேர் ஆர்டர்தான் உங்கள் பொக்கிஷம். விற்பனை வரி, பதிவுக் கட்டணம், இழுவை வண்டிச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதில் 3:
கம்பெனி கூடுதல் வாரன்டியோ சிறு தொகையோ "நல்லெண்ணமாக" நீட்டினால், உரிமையை விட்டுத்தருவதாக வரி இருக்கிறதா என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கார் கடன் தவணையை நிறுத்தாதீர்கள். மாநிலச் சான்று பெற்ற சமரசத் திட்டம் (கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் ஏற்பாடு) அந்தக் கம்பெனிக்கு இருந்தால், மேலே சொன்ன அனுமானத்தைக் கோருமுன் அங்கே போயாக வேண்டும். வழக்கில் ஜெயித்தால் நியாயமான வக்கீல் கட்டணம் தயாரிப்பாளர் தலையில்தான், ஆகவே செலவுக்குப் பயந்து நிற்க வேண்டாம்.