40-ஐத் தாண்டினால் ‘ஊஊங்’ சத்தம்: கியர்பாக்ஸா, வீல் பேரிங்கா?

மண்சாலை06:
வண்டி 2006 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்சக்கர டிரைவ், 5 கியர், ஏபிஎஸ் கிடையாது. ஓடினது 1,18,000 கி.மீ. டயர் 155/80 ஆர்13.

சத்தம் 40-ல் மெல்லிசா ஆரம்பிக்குது. 70-ல் பக்கத்து சீட்டில் பேசுறது கேக்கல. கிளட்ச்சை அமுக்கி நியூட்ரலில் உருள விட்டாலும் அப்படியேதான் இருக்கு. மேம்பால வளைவில் இடது பக்கம் திரும்பினா கூடுது, வலது பக்கம் திரும்பினா ஏறக்குறைய நின்னுடுது. நின்ன இடத்தில் ஐடிலிங்கில் ஒண்ணுமே இல்ல.

பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கணும்னு சொல்றாங்க. இடது பக்கம் திரும்பும்போது கூடுதுன்னா இடது வீல் பேரிங்தானே? அதை மட்டும் மாத்திப் பார்க்கலாமா? கையில் ஜாக்கி, ஸ்பேனர் செட், நீளமான ஸ்க்ரூ டிரைவர் இருக்கு.

பதினாலுக்குபதினேழு:
கியர்பாக்ஸை இப்போதைக்குத் தொட வேண்டாம். இன்புட் ஷாஃப்ட் பேரிங் (எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்குள் வரும் தண்டின் பேரிங்) போயிருந்தால் நின்ற இடத்திலேயே, நியூட்ரலில் கிளட்ச்சை விட்டதும் உறுமும், அமுக்கினால் நின்றுவிடும். கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் இதற்கு நேர் எதிர்: பெடலை அமுக்கும்போதுதான் கத்தும். குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்தால் அந்தக் கியர் ஜோடியைச் சந்தேகிக்கலாம். உங்களுடையது இதில் எதுவும் இல்லை. ஆக்சிலேட்டருக்கும் கிளட்ச்சுக்கும் மசியாமல் வேகத்துக்கு மட்டும் பதில் சொல்கிற சத்தம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது டயரும் வீல் பேரிங்கும். டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) பேரிங் மூன்றாவது.

பக்கத்தை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். வண்டி இடது பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்தின் மேல் சாய்கிறது. அப்போது கூடினால் சந்தேகம் வலது பேரிங் மேல். இடதை மாற்றியிருந்தால் காசும் போயிருக்கும், சத்தமும் போயிருக்காது.

அதற்கு முன் டயரைக் கழித்துவிடுங்கள். உள்ளங்கையை டயரின் மேல் முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலவும் தட்டினால், அந்த டயரே இதே மாதிரி ஊளையிடும். முன் டயர்களைப் பின்னால் போட்டு அதே சாலையில் ஓட்டுங்கள். சத்தம் பின்னால் போனால் டயர். புதுத் தாரில் அடங்கி, சொரசொரப்பான தாரில் கூடினாலும் டயர்தான். பேரிங்குக்கு எந்தச் சாலையும் ஒன்றுதான்.

கரிப்புகை:
ஒரு பக்கம் ஜாக்கி போட்டு, 3-வது கியரில் எஞ்சினை ஓட விட்டு, ஸ்க்ரூ டிரைவரை நக்கிளில் (வீல் பேரிங் உட்கார்ந்திருக்கிற இரும்புக் கூடு) வச்சு காதைக் கொடுங்க. ரெண்டு நிமிஷத்தில் தெரிஞ்சிடும்.

பதினாலுக்குபதினேழு:
வீட்டில் இதைச் செய்யாதீர்கள். ஒரு சக்கரம் தரையில் நிற்க மற்றொன்று தொங்கினால், டிஃபரன்ஷியல் வழியாகத் தொங்கும் சக்கரம் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். மீட்டர் 30 காட்டும்போது அது 60-ல் ஓடும். ஜாக்கி சற்று நழுவி சக்கரம் தரையைத் தொட்டால் வண்டி பாயும். போதாததற்கு, சஸ்பென்ஷன் முழுக்கத் தொங்கும்போது ஆக்சில் வளைந்து நிற்பதால் நல்ல சிவி ஜாயின்ட்டே (ஆக்சிலில் வளைந்தபடியே சுழலும் இணைப்பு) டக் டக் என்று தட்டும். இல்லாத கோளாறைத் தேடிப் போவீர்கள்.

தாழ்வாரம்:
கையால் சுத்தினாலே போதும் சார். சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்க. தூக்கினதும் கீழே ஆக்சில் ஸ்டாண்டு. ஹாலோ பிளாக் மட்டும் வேண்டாம், சொல்லாம கொள்ளாம நொறுங்கும்.

நியூட்ரலில் ஒரு கையால் சக்கரத்தைச் சுத்தி, மறு கையின் விரல்களை காயில் ஸ்பிரிங் மேல லேசா வையுங்க. நல்ல பேரிங்னா ஸ்பிரிங் அமைதியா இருக்கும். போன பேரிங்னா மாவு மிஷினில் மணல் விழுந்த மாதிரி கரகரன்னு விரலில் ஏறும். காதுக்குக் கேக்காதது ஸ்பிரிங்கில் தெரியும். ரெண்டு பக்கமும் பார்த்து ஒப்பிடுங்க. ‘சர்ர்’னு ஒரே இடத்தில் உரசினா அது பிரேக் பேடு, இல்லைன்னா டிஸ்க்குக்குப் பின்னாடி இருக்கிற தகடு. அதைப் பேரிங்னு நினைச்சுக்காதீங்க.

அப்புறம் சக்கரத்தை மேலும் கீழும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா உள்ளே ஒருத்தரை பிரேக் அமுக்கச் சொல்லுங்க. ஆட்டம் நின்னா பேரிங், நிக்கலைன்னா பால் ஜாயின்ட். ஆட்டமே இல்லைங்கிறதால பேரிங் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. கத்துற பேரிங் பலதும் ஆடாது.

குனிஞ்சது குனிஞ்சீங்க, சிவி ஜாயின்ட்டை மூடியிருக்கிற ரப்பர் பூட்டையும் பாருங்க. மடிப்புகளை விரலால் விரிச்சுப் பாருங்க, வெடிப்பு அங்கேதான் ஒளிஞ்சிருக்கும். ரிம்முக்கு உள்பக்கம் கறுப்பு கிரீஸ் தெறிச்சிருந்தா பூட் கிழிஞ்சாச்சு. வெளி ஜாயின்ட் போனா, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது டக் டக்னு எண்ணுற மாதிரி வரும். உங்க டயர் சைஸுக்கு 20 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 3 சுத்து. அந்தக் கணக்கில் தட்டினா சக்கரத்தோட சேர்ந்து சுத்துற ஏதோ ஒண்ணு. அதைவிட வேகமான தட்டுன்னா ஒரு சுத்துக்குப் பல தடவை தட்டுற பொருளைத் தேடணும்.

மண்சாலை06:
டயரை மாத்திப் போட்டும் சத்தம் முன்னாலேயே இருக்கு. வலது ஸ்பிரிங்கில் கரகரப்பு தெளிவா தெரியுது, இடது சுத்தம். ஆட்டம் ரெண்டு பக்கமும் இல்ல. பூட் நல்லா இருக்கு. பேரிங்கை வீட்டிலேயே மாத்தலாமா? ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்தணுமா?

பதினாலுக்குபதினேழு:
நக்கிளைக் கழற்றுவது உங்கள் வேலை, பேரிங்கை அழுத்தி ஏற்றுவது லேத் பட்டறை பிரஸ்ஸின் வேலை. சுத்தியலால் தட்டி ஏற்ற நினைக்க வேண்டாம்.

ஆக்சில் நட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவரை பிரேக் அமுக்கச் சொல்லித் தளர்த்துங்கள். ஸ்ட்ரட்டையும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) நக்கிளையும் இணைக்கும் போல்ட்டைக் கழற்றும் முன் அதன் இருப்பிடத்தை பெயின்ட்டால் குறியுங்கள். இல்லாவிட்டால் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மாறி டயர் ஒரு பக்கம் தேயும். பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) வெளியே தள்ளும்போது பழைய பேரிங்கின் உள் ரேஸ் (குண்டுகள் ஓடும் வளையம்) ஒன்று ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரும். அதைப் புல்லர் போட்டு எடுக்க வேண்டும். ரேஸ் அமர்ந்த இடத்தில் ஹப் தேய்ந்திருந்தால் ஹப்பையும் மாற்றுங்கள்.

பட்டறையில் பக்கத்திலேயே நில்லுங்கள். பேரிங் நக்கிளுக்குள் போகும்போது வெளி ரேஸில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள் ரேஸுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். தவறினால் அழுத்தம் முழுக்க குண்டுகள் வழியாகப் போய் ரேஸில் பள்ளம் விழும். புதுப் பேரிங்கே முதல் நாளிலிருந்து ஊளையிடும். பேரிங்கை நகராமல் பிடிக்கும் ஸ்னாப் ரிங் காடியில் முழுதாக உட்கார்ந்ததா என்று பாருங்கள்.

ஆக்சில் நட் புதியது போட்டு, உங்கள் மாடலின் மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். அதற்கு முன் வண்டியை ஓர் அடிகூட உருட்டாதீர்கள். உள் ரேஸ்கள் இறுகாத நிலையில் பாரம் ஏறினால் பேரிங் கெடும்.

இடதைத் தொட வேண்டாம். நன்றாக இருக்கும் பேரிங்கைப் பிதுக்கி எடுத்தால் திரும்பப் போட முடியாது.

தாழ்வாரம்:
நக்கிளைக் கழட்டும்போது ஆக்சிலை வெளியே இழுத்துடாதீங்க. உள் ஜாயின்ட் கழண்டா கியர் ஆயில் தரையில். ஆக்சிலைக் கயித்தால் தூக்கிக் கட்டுங்க. எப்படியும் ஆயில் பழசுன்னா அப்பவே மாத்திடலாம்: முதல்ல ஊத்துற பிளக் கழலுதான்னு பாருங்க, அப்புறம்தான் வடிக்கிற பிளக். வடிச்சிட்டு மேல் பிளக் கழலலைன்னா வண்டி நின்ன இடத்திலேயே நிக்கும். வடிக்கிற பிளக்கோட காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தா வழக்கமான தேய்மானம். நகத்தில் எடுக்கிற அளவு சில்லு இருந்தா, பட்டறைக்காரர் சொன்னதை அப்போ யோசிக்கலாம்.