பிரெட்னிசோலோன் மாத்திரை: மதுரையில கடைக்குக் கடை விலை ஏன் மாறுது?

திருமங்கலம்காரன்:
வீட்டுல பெரியவருக்கு மூட்டுவாதத்துக்கு பிரெட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருக்காங்க. 20 மி.கி.ல ஆரம்பிச்சு வாரம் 5 மி.கி. குறைச்சு, மொத்தம் 4 வாரம். கோரிப்பாளையத்துல ஒரு விலை, கே.கே.நகர்ல ஒரு விலை, ஊர்ல ஒரு விலை சொல்றாங்க. எதை வச்சு ஒப்பிடுறது?

மருந்தாளுநர்_மேலூர்:
அட்டை விலையை வச்சு ஒப்பிடாதீங்க. ஒரு பிராண்டு அட்டையில 15 மாத்திரை இருக்கும், இன்னொண்ணுல 10 இருக்கும். விலையை மாத்திரை எண்ணிக்கையால வகுத்து, வர்றதை மி.கி.யால வகுங்க. அதுதான் சரியான கணக்கு. 10 மி.கி. மாத்திரை ஒண்ணு, 5 மி.கி. ரெண்டைவிடப் பெரும்பாலும் மலிவு.

உங்க சீட்டுக்கு மொத்தம் 350 மி.கி. வேணும். 5 மி.கி.யாவே வாங்கினா 70 மாத்திரை. கலந்து வாங்கினா 10 மி.கி. 28, 5 மி.கி. 14. ரெண்டு அட்டையும் ஒரே கம்பெனியா இருந்தா பெரியவர் மாத்திப் போட்டுடுவாரு. அதனால உறை மேல பேனாவால எத்தனை மி.கி., எந்த வாரம் காலையில எத்தனைன்னு எழுதி வைங்க.

இது அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கு, உச்சவரம்பு விலை உண்டு. அரசோட மருந்து விலை செயலியான ஃபார்மா சஹி தாம்ல பாருங்க. எம்.ஆர்.பி.யில வரி சேர்ந்தே இருக்கும், மேல கேட்டா கொடுக்க வேண்டாம்.

அண்ணாநகர்வாசி:
விலையில நிஜமா அடி விழுறது வேற இடத்துல. "அது இல்ல, இதுவும் ஸ்டீராய்டுதான்"னு டெஃப்லாசகார்ட் குடுப்பாங்க, விலை பல மடங்கு. மெத்தில்பிரெட்னிசோலோனும் பேர் ஒத்து வரும், மருந்து வேற. பிரெட்னிசோலோன் 5 மி.கி.க்கு மெத்தில் 4, டெஃப்லாசகார்ட் 6 மி.கி. சமம். டாக்டரைக் கேக்காம மாத்திக்கிட்டா அளவே தப்பிப் போகும்.

பிரெட்னிசோலோன் ஷெட்யூல் எச் மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதது. சீட்டுல பிராண்டு பேர் எழுதியிருந்தா கடைக்காரர் வேற கம்பெனியைத் தரக் கூடாது. அதனால டாக்டர்கிட்டயே பிராண்டு பேர் இல்லாம பிரெட்னிசோலோன்னு மருந்துப் பேரை எழுதச் சொல்லிக் கேளுங்க. அப்பத்தான் மக்கள் மருந்தகத்துலயும் முதல்வர் மருந்தகத்துலயும் இருப்பு இருந்தா வாங்கலாம். போறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டுருங்க.

திருமங்கலம்காரன்:
நன்றிங்க. பெரியாஸ்பத்திரியில இலவசமா கிடைக்குமா? வெட்டுன அட்டை வாங்கலாமா?

மருந்தாளுநர்_மேலூர்:
ராஜாஜி ஆஸ்பத்திரியில ஓ.பி. சீட்டு போட்டு, அங்க டாக்டர் எழுதினா இலவசம். தனியார் சீட்டை எடுத்துக்கிட்டுப் போனா தர மாட்டாங்க.

வெட்டுன அட்டை வாங்கலாம். ஆனா காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் அட்டையோட ஒரு ஓரத்துலதான் அச்சடிச்சிருக்கும், வெட்டும்போது அது கடையிலயே தங்கிடும். அந்தத் துண்டோட கேளுங்க, இல்லன்னா பில்லுல எழுதி வாங்குங்க.

உசிலம்பட்டி_வாசகி:
விலைக்காக அலைஞ்சு ஒரு நாள்கூட மாத்திரை விட்டுடாதீங்க. 3 வாரத்துக்கு மேல போனா, உடம்பு சொந்தமா ஸ்டீராய்டு சுரக்குறது மந்தமாயிடும். திடீர்னு நிறுத்தினா வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குறதுன்னு ஆபத்தாப் போகும். நாலு நாள் மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிருங்க. சித்திரைத் திருவிழா சமயம்னா இன்னும் முன்னாடியே, அழகர் ஆத்துல இறங்குற அன்னிக்குக் கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. காலையில சாப்பிட்டப்புறம் குடுங்க. சர்க்கரை நோய் இருந்தா ரத்தத்துல சர்க்கரை அளவு ஏறும், இடையில ஒரு தடவை பார்த்துருங்க.