ஒப்பரேஷனுக்கு முன் மீன் எண்ணெய்: அந்த 7 நாள்

உப்புவெளி ராஜி:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு இரவு நித்திரையே வரவில்லை. ஒப்பரேஷனுக்கு முந்தின ஒரு வாரம் மீன் எண்ணெய்க் குளிசையும் ஆர்ஜினின் என்கிற அமினோ அமிலத் தூளும் எடுத்தால் இரத்த ஓட்டம் குறையாதாம், வெட்டின இடத்துத் தசை கறுக்காதாம். அதற்கு எத்தனை பேர் விருப்பம் போட்டிருக்கிறீர்கள்! 26 வருடம் ஒப்பரேஷன் தியேட்டரில் தாதியாக நின்றவள் நான். மீன் எண்ணெய், உள்ளி மாத்திரை, விட்டமின் ஈ எல்லாவற்றையும் 7 நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்லித்தான் ஆட்களை அனுப்புவோம். இரத்தம் உறைய உதவுகிற இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதை இவை குறைக்கக்கூடும். ஒரு தட்டின் ஆயுள் 7 முதல் 10 நாள். பழையது போய்ப் புதியது வரவேண்டாமா?

கோணமலையான்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம் அக்கா. 2012இல் வெளிவந்த ஆய்வு, அமெரிக்கா, இத்தாலி, ஆர்ஜென்டினா மூன்று நாட்டிலும் இதய ஒப்பரேஷனுக்குப் போன 1516 பேர். பாதிப்பேருக்கு ஒப்பரேஷனுக்கு முந்தின சில நாட்களிலேயே நிறைய மீன் எண்ணெய் கொடுத்தார்கள். இரத்தப்போக்கு கூடவில்லை என்று 2018இல் அதே ஆட்களின் கணக்கை வைத்து எழுதினார்கள், இரத்தம் ஏற்றியதும் குறைவு. அப்ப இந்த 7 நாள் எங்கேயிருந்து வந்தது?

உப்புவெளி ராஜி:
அந்த ஆய்வு பார்க்கப் போனது இதயத்துடிப்பு ஒழுங்கு தவறுவது குறையுமா என்று. அதுவும் குறையவில்லை. தசைக்கு இரத்தம் ஓடியதா என்று அதில் எங்கே இருக்கிறது? முள்ளந்தண்டில் ஊசி போடுகிற இடத்தில் இரத்தம் கசிந்து கட்டியாகி நரம்பை அழுத்தினால் கால் விளங்காமல் போகலாம். 7 நாள்.

டச்பே ஜிம்:
ஆர்ஜினினை ஏன் விட்டீர்கள்? உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஒக்சைட் செய்யும், அது இரத்தக்குழாயை விரிக்கும். 1998இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். நான் தினமும் எடுக்கிறேன், ஒரு கோளாறும் இல்லை.

உப்புவெளி ராஜி:
தம்பி, பரிசு நைட்ரிக் ஒக்சைட்டைக் கண்டறிந்ததற்கு, உங்கள் டப்பாவுக்கு இல்லை. மாரடைப்பு வந்த 153 பேரை வைத்து ஆர்ஜினினைச் சோதித்தார்கள், 2006இல் வந்தது. எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், மற்றப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். மயக்க மருந்தோடு பிரஷர் தானாக இறங்குகிற நேரத்தில் குழாயை விரிக்கிற தூளும் உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கிண்ணியா ஃபரீத்:
முதலில் எந்த மீன் எண்ணெய் என்று சொல்லுங்களேன். கொட் மீனின் ஈரல் எண்ணெயில் விட்டமின் ஏயும் டீயும் இருக்கும், ஒமேகா குளிசை வேறு சாமான். சிகரெட்டைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நிக்கொட்டின் இரத்தக்குழாயைச் சுருக்கும், அதை விட்டாலே தசைக்கு இரத்தம் போகும்.

கோணமலையான்:
ஃபரீத், அதைப் பிறகு பார்ப்போம். 7 நாளுக்கு எனக்குப் பதில் வேண்டும். என் அப்பாவுக்குச் சலரோகம். வலது கால் சின்ன விரல் கறுத்து, நகத்தடியில் ஈரம் கசிய ஆரம்பித்துவிட்டது. அந்த விரலை எடுக்கப் போனோம். பச்சை உடுப்பு மாற்றி, கையில் ஊசி குத்தி, தள்ளுவண்டியில் ஏற்றிய பிறகு ஒருவர் வந்து என்னென்ன குளிசை என்று கேட்டார். மீன் எண்ணெய் என்று அப்பா வாய்திறந்தார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். 9 நாள் கழித்துப் போனபோது எடுக்கவேண்டியது இரண்டு விரல். அந்த இரண்டாவது விரலுக்கு உங்கள் 7 நாள்தான் பதில் சொல்லவேண்டும்.

உப்புவெளி ராஜி:
அப்பாவை நினைத்தால் எனக்கும் கவலைதான். ஆனால் அவர் ஆஸ்பிரினும் எடுத்தாரா? அதுவும் இரத்தத் தட்டுகளை ஒட்டவிடாது.

கோணமலையான்:
அதை ஏன் இப்ப இழுக்கிறீர்கள்?

உப்புவெளி ராஜி:
எடுத்தாரா இல்லையா?

பெரியம்மாவின் மகள்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பெரியம்மாவுக்கு வியாழக்கிழமை ஹேர்னியா ஒப்பரேஷன். லண்டனிலிருந்து அண்ணா அனுப்பிய மீன் எண்ணெய்ப் போத்தலில் அரைவாசி முடிந்துவிட்டது, இன்று காலையும் இரண்டு போட்டார். இன்று ஞாயிறு. நிறுத்தினாலும் 4 நாள்தானே வருகிறது?

கோணமலையான்:
தங்கச்சி, பயப்படத் தேவையில்லை, 1516 பேரைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன். இந்த அக்காவின் பேச்சுப் புதிதில்லை. போன மாதம் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் கால் வைத்தால் சலரோகப் புண் ஆறும் என்று நான் எழுதியபோதும் இப்படித்தான் பாய்ந்தார்.

உப்புவெளி ராஜி:
பாய்ந்தேன்தான், இன்னும் பாய்வேன். கால் விறைத்த ஆளுக்குச் சூடு தெரியாது. வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அதே கால், அதே இரத்த ஓட்டம், அதே ஆள் எழுதுகிற வைத்தியம்.

டச்பே ஜிம்:
கன்னியாவைப் பழிக்காதீர்கள் அக்கா. 7 கிணறும் எங்கள் சொத்து.

உப்புவெளி ராஜி:
கிணற்றை யார் பழித்தது? நன்றாகக் குளியுங்கள். புண்காலை வைக்காதீர்கள் என்கிறேன்.

கிண்ணியா ஃபரீத்:
எந்த எண்ணெய் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

உப்புவெளி ராஜி:
மகள், நாளை காலையே போத்தலையும் மற்றக் குளிசை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் மயக்க மருந்து டொக்டரிடம் காட்டுங்கள், கடைசியாக எப்போது போட்டார் என்றும் சொல்லுங்கள். ஒத்திவைப்பதா செய்வதா என்று அவர் முடிவெடுப்பார். டொக்டர் தந்த மருந்து எதையும் நீங்களாக நிறுத்தவேண்டாம்.

கோணமலையான்:
பார்த்தீர்களா, 4 நாளிலும் செய்யலாம் என்று அவரே சொல்லிவிட்டார்!

உப்புவெளி ராஜி:
நான் அப்படிச் சொல்லவில்லை. டொக்டர் முடிவெடுப்பார் என்றேன். என் கணக்கு 7 நாள்தான். ஆஸ்பிரின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கோணமலையான்:
1516 பேர் அக்கா. 1516.