அம்மாவுக்கு வாயுவா, மாரடைப்பு அறிகுறியா? தென்காசிப் பக்கம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு வயது 61, பல வருடமாகச் சர்க்கரை. கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் தாடையும் இடது தோளும் இறுக்கிப் பிடிக்கிறதாம், உட்கார்ந்தால் சரியாகிவிடுமாம். நேற்று ராத்திரி ஃபேனுக்கு அடியில் இருந்தும் ஜாக்கெட் நனையும் அளவுக்கு வியர்த்துவிட்டது. கேட்டால், "வாயுடா, ஓமத்தண்ணி குடிச்சா போயிரும்" என்கிறார்.

நெஞ்சுவலி இல்லை என்பதுதான் அவருக்குத் தைரியம். எனக்கு அதுதான் பயம். சர்க்கரை உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, வலியே இல்லாமல் மூச்சிரைப்பு, குமட்டல், களைப்பு என்றுகூட மாரடைப்பு வரலாம். காலையில் பக்கத்து கிளினிக்கில் எடுத்த ஈசிஜி நார்மல். அதை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதால் இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம்.

தென்காசியிலோ திருநெல்வேலியிலோ ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் (இதயத் தசை பாதிப்பைக் காட்டுவது), ஆஞ்சியோ வசதியும் (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்ப்பது) 24 மணி நேரமும் எங்கே இருக்கிறது? ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் டோஸ் மாத்திரை கொடுக்கிறார்களே, அதை வாங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா? வழியில் ஏதாவது என்றால் 108-ஐக் கூப்பிட்டுவிடுவேன். கைவைத்தியம் மட்டும் தயவுசெய்து வேண்டாம், அது வீட்டிலேயே நிறைய இருக்கிறது.