ஆறாம் வகுப்பில் சேர்க்க நுழைவுத் தேர்வு வைக்கலாமா?

கேள்வி (குடியாத்தம்):
வேலூரில் ஒரு தனியார் பள்ளியில் என் மகனுக்கு ஆறாம் வகுப்பில் இடம் கேட்டுப் போனோம். ஆங்கிலத்திலும் கணக்கிலும் தாள் கொடுத்து அவனைத் தனியே உட்கார வைத்தார்கள். பென்சிலின் பின்முனையைக் கடித்துக் கடித்துப் பிளந்தே விட்டான். பிறகு எங்களை அழைத்து, என்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். நான் தறியில் லுங்கி நெய்கிறவன், மனைவி எட்டாவது. இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். "எந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டேன் அப்பா?" என்று பஸ்ஸில் ஊர் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தான். இப்படிப் பொறுக்கி எடுக்க அவர்களுக்கு உரிமை உண்டா?

பதில் 1 (காட்பாடி, ஓய்வுபெற்ற ஆசிரியை):
கிடையாது தம்பி. படிக்கும்போதே வயிறு எரிகிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு வரை பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்ப்பதைத் தடுக்கிறது. முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 வரை. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி என்றால், 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இச்சட்டம் பொருந்தாது. அதை முதலில் விசாரித்துக்கொண்டு, மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். நகலில் முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

பதில் 2 (ஆரணி):
அண்ணா, அமராவதிநகர் சைனிக் பள்ளிக்கும் (பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் உறைவிடப் பள்ளி) முயலலாம். ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். 300 மதிப்பெண்ணில் பாதி கணக்குக்குத்தான். பெற்றோரின் படிப்பை அங்கே மதிப்பெண்ணாக்குவதில்லை.

குடியாத்தம்:
நன்றி அம்மா. திங்கட்கிழமை மனுவோடு போகிறேன். பையனிடம், கணக்கில் தப்பில்லை என்று சொல்லிவிட்டேன்.