ஒற்றை ஹெட் மெஷினில் பள்ளி லோகோ: பீஸ் ரேட் எங்கே இடிக்கிறது?

நூல்கண்டு:
கம்ப்யூட்டர் எம்பிராய்டரி, ஒரே ஹெட் (தைக்கும் தலை), 12 ஊசி. வெள்ளைச் சட்டைப் பாக்கெட்டில் பள்ளி லோகோ, 60 பீஸ். பஞ்சிங் ஃபைலில் (டிசைனை மெஷினுக்கு ஸ்டிச்சாக மாற்றிய ஃபைல்) 8,000 ஸ்டிச். ஆயிரம் ஸ்டிச்சுக்கு ₹5 என்று பீஸ் ₹40 சொல்லியிருக்கிறேன். மெஷின் 850 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 850 ஸ்டிச்); கணக்குப்படி ஒன்பதரை நிமிஷம். ஆனால் ஒரு பீஸ் முடிய 14 நிமிஷம் ஆகிறது. மாதக் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. செலவு: இஎம்ஐ 12,000, வாடகை 4,000, கரண்ட் 1,500, சர்வீஸ், ஊசி 1,500. ரேட்டில் தப்பா, ஓட்டத்தில் தப்பா?

ஊசிமுனை:
இரண்டிலும். முதலில் ரேட். உங்கள் செலவுப் பட்டியலில் உங்கள் சம்பளமே இல்லை. ஆபரேட்டர் வைத்தால் கொடுப்பீர்கள்தானே? 15,000 சேருங்கள், மொத்தம் 34,000. இதை 26 நாள் × 8 மணி = 208-ஆல் வகுக்காதீர்கள். கஸ்டமர் பேச்சு, டெலிவரி எல்லாம் போக மெஷின் ஓடுவது 60 சதவீதம், சுமார் 125 மணி. 34,000 ÷ 125 = மணிக்கு ₹272, நிமிஷத்துக்கு ₹4.50. 14 நிமிஷம் என்றால் ₹63. ₹40-க்கு எடுத்தால் ஒவ்வொரு பீஸிலும் கைக்காசு போகிறது.

நூலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மேல் நூல் ஆயிரம் ஸ்டிச்சுக்கு ஐந்தாறு மீட்டர்தான் போகும். 5,000 மீட்டர் கோன் ₹150 என்றால் இந்த லோகோவுக்கு ஒன்றரை ரூபாய் கூட வராது. பாபின் (அடி நூல்), துணிக்கு அடியில் வைக்கும் பேக்கிங் பேப்பர் சேர்த்து ₹4 போடுங்கள். பணம் கரைவது நேரத்தில்.

பாபின்கேஸ்:
அந்த 14 நிமிஷத்தைப் பிரித்துப் பாருங்கள். 850 என்று வைத்தாலும் நீள சாட்டின் (பக்கம் பக்கமாகப் போய் வரும் அடர்ந்த தையல்) வரும்போது மெஷின் தானாகவே வேகம் குறைக்கும். சராசரி 750 கிடைத்தால் 10.7 நிமிஷம். மீதி கலர் மாற்றத்திலும் ட்ரிம்மிலும் (நூலை வெட்டி அடுத்த இடத்துக்குத் தாவுவது) ஃப்ரேம் கட்டுவதிலும் (துணியைச் சட்டத்தில் இறுக்குவது) போகிறது. ஃபைலில் எத்தனை ட்ரிம், எத்தனை கலர் மாற்றம்?

நூல்கண்டு:
14 ட்ரிம், 6 கலர் மாற்றம். ஃப்ரேம் ஒன்றுதான் வைத்திருக்கிறேன்.

பாபின்கேஸ்:
ட்ரிம்முக்கு 5 விநாடி, கலர் மாற்றத்துக்கு 8 விநாடி வைத்தால் அதிலேயே இரண்டு நிமிஷம். பள்ளிப் பெயரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ட்ரிம் விழுந்திருக்கும். அடுத்த எழுத்து எங்கே தொடங்குகிறதோ அதற்குப் பக்கத்தில் முந்தின எழுத்து முடிகிற மாதிரி, பஞ்சிங் செய்தவரிடம் ஃபைலை மாற்றச் சொல்லுங்கள், ஐந்து ட்ரிம்மில் அடங்கும். ஒரே நீலம் இரண்டு இடத்தில் தனித்தனியாக வருகிறதா என்றும் பாருங்கள். சேர்த்தால் கலர் மாற்றம் 4 ஆகிவிடும்.

கூடவே இன்னொரு ஃப்ரேம் வாங்குங்கள். ஒன்று ஓடும்போதே அடுத்த சட்டையைக் கட்டிவிடலாம், மெஷின் நிற்பது அரை நிமிஷம்தான். இத்தனையும் செய்தால் 12.2 நிமிஷம்.

ஊசிமுனை:
12.2 × 4.50 = ₹55, பொருள் ₹4. செட்டப்பை விடாதீர்கள்: நூல் கோத்து, சாம்பிள் ஓட்டி, நூல் இறுக்கம் (டென்ஷன்) பார்க்க அரை மணி என்றால் ₹135. 60 பீஸில் பீஸுக்கு ₹2.25, அதுவே 6 பீஸ் ஆர்டர் என்றால் ₹22.50. சின்ன ஆர்டருக்கு அதே ரேட் சொல்லக் கூடாது என்பது இதனால்தான். எல்லாம் சேர்த்து ₹61, 15 சதவீதம் லாபம் வைத்து ₹70. பஞ்சிங் சார்ஜ் தனி பில்.

நூல்கண்டு:
₹70 சொன்னால் பள்ளி மறுத்துவிடும். பக்கத்தில் 20 ஹெட் வைத்திருப்பவர் ₹20-க்குத் தருகிறார்.

ஊசிமுனை:
அவருக்கு ஒரே ஓட்டத்தில் 20 பீஸ் விழுகிறது. ஆயிரக்கணக்கான பீஸில் அவரோடு போட்டி போடவே கூடாது. அவர் தொடாத 20, 60 பீஸ் ஆர்டர்கள்தான் உங்களுடையவை.

பாபின்கேஸ்:
ஒரு சந்தேகம். லோகோ வட்டத்துக்குள் பின்னணியில் வெள்ளை ஃபில் (இடத்தை நிரப்பும் தையல்) போட்டிருக்கிறதா?

நூல்கண்டு:
ஆமாம். அது மட்டும் 2,600 ஸ்டிச்.

பாபின்கேஸ்:
வெள்ளைச் சட்டையில் வெள்ளை ஃபில் எதற்கு? எடுத்துவிடுங்கள். துணி இழுத்துச் சுருங்குவதும் குறையும். 5,400 ஸ்டிச், 7.2 நிமிஷம், ட்ரிம், கலர், ஃப்ரேம் சேர்த்து 8.7. மெஷின் நேரம் ₹39, பொருள் ₹3, செட்டப் ₹2.25, லாபத்தோடு ₹51. ஆனால் எழுத்துக்கு அடியில் அண்டர்லே (முதலில் போடும் அடித் தையல்) இருக்கட்டும், இல்லாவிட்டால் ஓரம் கலையும். ஒரு சாம்பிள் அடித்து இரண்டு மூன்று தடவை துவைத்துப் பார்த்துவிட்டுப் பள்ளிக்குக் காட்டுங்கள்.

ஊசிமுனை:
துணி அவர்களுடையது என்றால் 100-க்கு 2 பீஸ் டேமேஜ் ஒப்புக்கொள்வதாக ஆர்டர் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு சட்டைக்கு ஈடு கொடுத்தாலே பல பீஸ் லாபம் போய்விடும்.

நூல்கண்டு:
ஃபில் இல்லாத ஃபைல் கேட்டிருக்கிறேன். சாம்பிளோடு ₹51 கொட்டேஷன் கொடுக்கிறேன். தொப்பிக்கும் இதே நிமிஷக் கணக்கா?

பாபின்கேஸ்:
கணக்கு அதேதான், நிமிஷம்தான் கூடும். தொப்பியில் வேகத்தை 600-க்கு இறக்க வேண்டும், ஃப்ரேம் கட்டவும் நேரம் பிடிக்கும். ஒரு தொப்பியை ஓட்டி ஸ்டாப்வாட்சில் பார்த்த பிறகு ரேட் சொல்லுங்கள்.