ரவுட்டர் பிட் தானாகவே கீழே இறங்குமா? ஊஞ்சல் பலகை வீணாகிவிட்டது

ஊஞ்சல்காரன், திருப்பூர்:

வணக்கம். எனக்கு இது தொழில் இல்லை. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மொட்டை மாடியில் மரவேலை. இதுவரை செய்தது ஒரு செருப்பு ஸ்டாண்டும் இரண்டு மணைப்பலகையும்.

தாத்தா வீட்டு ஊஞ்சல் பலகை ஒன்று இருக்கிறது. பழைய தேக்கு, நாலரை அடி நீளம், ஒன்றரை அங்குலக் கனம். உட்கார்ந்தால் முழங்காலுக்குப் பின்னால் விளிம்பு அழுத்துகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். விளிம்பை உருட்டிவிடலாம் என்று ஒரு கை ரவுட்டர் வாங்கினேன் (பிட் என்கிற வெட்டு முனையைச் சுழற்றி மரத்தைச் சீவும் மெஷின்; பலரும் டிரிம்மர் என்கிறார்களே, அந்தச் சின்னது). மெஷின் ஆன்லைனில், பிட் உள்ளூர் ஹார்டுவேர் கடையில். மூன்று நூல் (3/8 அங்குலம்) ஆரம், கீழே பேரிங் வைத்த ரவுண்டு பிட்.

முதல் இரண்டு அடி வெண்ணெய் மாதிரி போனது. அப்புறம் வளைவுக்கு மேலே, பலகையின் முகத்தில், ஒரு படி மாதிரி வெட்டு விழ ஆரம்பித்தது. முதலில் நகக்கீறல் அளவு, பலகை முடியும் இடத்தில் 2 மி.மீ. ஆழத் திருகை நான் தொடவே இல்லை. மூலையில் கொஞ்சம் நிதானித்தேன், அங்கே டிக்காஷன் நிறத்தில் கருகிவிட்டது. அடுத்த பக்கத்தை வலமிருந்து இடமாக ஓட்டினேன். மெஷின் கயிற்றை அறுத்த கன்றுக்குட்டி மாதிரி என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. பயந்து நிறுத்திவிட்டேன். மூன்று நாளாகத் தொடவில்லை.

மெஷின் பழுதா, திருப்பி அனுப்பவா? இல்லை, பெரிய ரவுட்டர்தான் வாங்கியிருக்க வேண்டுமா?

மைக்கா_கோவை:

பெரியது தேவையே இல்லை நண்பரே. நான் மாடுலர் கிச்சன் வேலை பார்க்கிறேன். 1 மி.மீ மைக்காவை பிளைவுட் விளிம்போடு சமமாகச் சீவ நாள் முழுக்க டிரிம்மர்தான் கையில் இருக்கும். ஒன்றரை கிலோ சுமார், ஒரு கையில் பிடிக்கலாம். பெரிய பிளஞ்ச் ரவுட்டர் ஐந்தாறு கிலோ. பலகையின் நடுவில் மேலிருந்து இறக்கிக் குழி எடுக்க, கதவுச் சட்டத்தில் துளை போட, அரை அங்குலத் தண்டு பிட் போட்டுப் பெரிய மோல்டிங் அடிக்க அது வேண்டும். விளிம்பு உருட்ட உங்களிடம் இருப்பதே போதும்.

படி விழுந்ததற்கு பேஸ், அதாவது பலகை மேல் உட்காரும் அடித்தட்டு, லூசாகி இருக்கலாம். நெம்புகோலை இறுக்கிப் பாருங்கள்.

பட்டறைக்காரர், நாகர்கோவில்:

தம்பி, மெஷினைத் திருப்பி அனுப்ப வேண்டாம். கோவைக்காரர் சொன்ன மாதிரி பேஸ் லூசானாலும் இப்படி ஆகும்தான். ஆனால் எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிட்டைக் கழற்றி, அதன் தண்டை வெர்னியரில் அளந்து சொல்லுங்கள். பிட்டைக் கவ்விப் பிடிக்கிற, பிளவு விட்ட கூம்பு இருக்கிறதே, கொலெட், அதில் என்ன எண் பொறித்திருக்கிறது என்றும் பாருங்கள்.

ஊஞ்சல்காரன்:

தண்டு 5.98 மி.மீ. கொலெட்டில் 1/4 என்று இருக்கிறது. கால் அங்குலமும் 6 மி.மீட்டரும் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொன்னாரே?

பட்டறைக்காரர், நாகர்கோவில்:

நினைத்தேன். கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ. ஒரு மைக்கா ஷீட்டின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஆனால் கொலெட் சுருங்குவதற்கும் ஓர் அளவு உண்டு. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது தண்டைச் சுற்றிலும் அணைக்காது, இரண்டு மூன்று இடத்தில் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நிமிடத்துக்கு 30,000 சுற்று ஓடுகிற மெஷினில் அந்த அதிர்வுக்குப் பிட் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி இறங்கும். உங்கள் படி நகக்கீறலில் ஆரம்பித்து 2 மி.மீ வரை வளர்ந்ததே, அது பிட் நழுவிய கதைதான். இன்னும் ஓரடி போயிருந்தால் முழுசாக வெளியே வந்திருக்கலாம்.

எங்கள் பட்டறையில் ஒரு பிட் அப்படி வெளியே வந்தது. பெரிய ரவுட்டர், அரை அங்குலக் கொலெட், அதாவது 12.7. பையன் அவசரத்தில் 12 மி.மீ பிட்டை மாட்டிவிட்டான். நான் அந்தப் பக்கம் டீ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் பிட் எதிரே சாத்தி வைத்திருந்த வேங்கை நிலைச் சட்டத்தில் குத்தி நிற்கிறது. பையன் தரையில் உட்கார்ந்திருக்கிறான், பேச்சே இல்லை. அன்றிலிருந்து மில்லிமீட்டர் பிட்டுக்கு ஒரு டப்பா, அங்குல பிட்டுக்கு ஒரு டப்பா. மூடியில் வேறு வேறு பெயின்ட்.

கால் அங்குலத் தண்டு பிட்டாக மாற்றுங்கள், கார்பைடு முனை வைத்ததாக. தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா உண்டு, சாதா ஹைஸ்பீடு பிட் சீக்கிரம் மழுங்கிவிடும். மாட்டும்போது தண்டை அடிமுட்ட உள்ளே தள்ளி, 2 மி.மீ வெளியே இழுத்துவிட்டு இறுக்குங்கள். இறுக்கும்போது கொலெட் பிட்டையும் சேர்த்துக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். அடியில் முட்டிக்கொண்டிருந்தால் இழுக்க இடம் இல்லாமல் பிடி அரைகுறையாக நிற்கும்.

அடுத்து, கன்றுக்குட்டி. பிட் மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றுகிற திசையில் சுற்றுகிறது. நீங்கள் அதன் பற்களை எதிர்த்துத் தள்ள வேண்டும். சேர்ந்து போனால் பல் மரத்தைக் கவ்வி, சக்கரம் மாதிரி மெஷினை உருட்டிக்கொண்டு போகும். விளிம்பு உங்கள் வயிற்றுப் பக்கம் இருந்தால் இடமிருந்து வலம். பலகையின் வெளிச்சுற்று முழுக்க முள்ளுக்கு எதிர்த் திசை. ஜன்னல் மாதிரி உள்ளே வெட்டிய துவாரத்தின் விளிம்பானால் அப்படியே தலைகீழ், முள்ளின் திசை. குழப்பமாக இருந்தால் வலது கையைக் கவிழ்த்து, கட்டைவிரலை மரத்தின் பக்கம் நீட்டுங்கள். ஆட்காட்டி விரல் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் போங்கள். 35 வருடமாகச் செய்கிறேன், இன்னமும் புது வேலை என்றால் கையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொள்வேன்.

கருகியது நின்றதால். பிட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. மூன்று நூல் வளைவை ஒரே சுற்றில் எடுத்ததும் தப்பு, சின்ன மெஷின் திணறும், நீங்கள் மெதுவாகத் தள்ளுவீர்கள், மரம் கருகும். முதல் சுற்றில் பிட்டைப் பாதி இறக்குங்கள், அடுத்ததில் இன்னும் கொஞ்சம், கடைசிச் சுற்று அரை மில்லிமீட்டர்தான் சீவ வேண்டும்.

பலகையின் குறுக்குத் தலை இரண்டையும் முதலில் ஓட்டிவிட்டு, பிறகு நீளவாக்கு. தலையில் பிட் வெளியேறும் முனை சிதறும். பின்னால் ஓட்டுகிற நீளப்பக்கம் அந்தச் சிதறலைச் சீவிவிடும்.

லுங்கி, தோளில் துண்டு, கையுறை எதுவும் வேண்டாம். கண்ணாடி போடுங்கள்.

இனி உங்கள் பலகை. மேல்முகம் முழுக்க 2 மி.மீ இழைப்புளி போட்டு இறக்கலாம், ஆனால் பழைய தேக்கின் அந்த நிறம் போய்விடும், எனக்கு மனசு வராது. பிட்டை அந்த ஆழமான படியின் அளவுக்கே வைத்து நாலு பக்கமும் ஓட்டிவிடுங்கள். படி எல்லா இடத்திலும் இருந்தால் அது பிழை இல்லை, வேலைப்பாடு.

இழைப்புளி_பிரியன்:

இதற்கெல்லாம் மெஷின் எதற்கு? இழைப்புளியில் 20 நிமிடம், அப்புறம் 120 நம்பர் உப்புத்தாள். சத்தமும் இல்லை, தூசும் இல்லை.

பட்டறைக்காரர், நாகர்கோவில்:

ஒரு பலகைக்குச் சரி. நான் 16 ஜன்னல் சட்டம் தருகிறேன், வாருங்கள்.

ஊஞ்சல்காரன்:

அண்ணே, பிட்டை மாற்றிவிட்டேன். கடைக்காரர் இன்னமும் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்கிறார். தண்டில் கொலெட்டை ஒட்டி மார்க்கரில் ஒரு கோடு போட்டு, முதலில் வேப்பங்கட்டைத் துண்டில் பத்தடி ஓட்டினேன். கோடு அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை பலகையை மூன்று சுற்றாக முடித்தேன், கையைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டே. படி நாலு பக்கமும் வந்துவிட்டது. அம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தக் கோடு முன்னாடி இல்லையே?" என்றார். டிசைன் என்றேன்.

மூலையில் அந்தக் கருகல் மட்டும் இன்னும் லேசாகத் தெரிகிறது. 80 நம்பர் தாள் போட்டால் வளைவு கெட்டுப்போகுமா?

பட்டறைக்காரர், நாகர்கோவில்:

80 வேண்டாம், கீறல் விழும். உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள், பிறகு 150. கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.